கருவி கூவுகிறது, கேட்பது யார்?



இந்த வார அரங்கத்தின் தலைப்பு, அலுவலகங்களிலும் கடைகளிலும் உள்ள கம்பியில்லா இணையத்தை நிர்வகிப்பதும் அதற்குக் காவல் வைப்பதும் ஆகும். "ஊடுருவலைக் கண்டறியும் கருவியை வாங்கி மாட்டியாகிவிட்டது, இன்னும் என்ன பயம்?" என்று கேட்கும் வணிகர்கள் பலர் உண்டு. அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. கருவி கூவும்போது கேட்க ஆள் வேண்டும் என்பது முதல் பதில். கருவியின் காதுக்கே எட்டாத திருட்டும் உண்டு என்பது இரண்டாவது. இரண்டாவதை முதலில் பார்ப்பது நல்லது. வரலாற்றில் அதற்குப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடைக் குழுமம் உள்ளது. டி.ஜே. மேக்ஸ், மார்ஷல்ஸ் ஆகிய மலிவு விலைத் துணிக்கடைகள் அதனுடையவை. அந்தக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்புக்குள் 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். பூட்டை உடைக்கவில்லை, ஊழியர் யாருக்கும் கையூட்டு கொடுக்கவில்லை. சாலையில் காரை ஓட்டிக்கொண்டே போய், கடைகளிலிருந்து வெளியே கசியும் வைஃபை அலைகளை மடிக்கணினியால் பிடித்தார்கள். விலைச்சீட்டை வாசிக்கும் கைக்கருவியும் பணம் வாங்கும் கல்லாவும் அந்த அலைகள் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தன. அங்கிருந்து உள்ளே இறங்கியவர்கள் தலைமைக் கணினி வரை போனார்கள். வாடிக்கையாளர்களின் கடன்பற்று அட்டை எண்களை மாதக்கணக்கில் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது 2006 டிசம்பரில். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு! 2007 ஜனவரியில் செய்தி வெளியே வந்தது. 4 கோடியே 57 லட்சம் அட்டைகளின் விவரங்கள் போயின என்று நிறுவனமே பின்னர் கணக்குக் கொடுத்தது. வழக்குத் தொடுத்த வங்கிகள், 9 கோடிக்கு மேல் என்று வாதிட்டன. கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கொன்சாலெஸுக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருட்டு நடந்த அதே காலத்தில் அந்த ஆள் அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவுக்குத் துப்புக் கொடுப்பவனாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

சரி, எதனால் இப்படி நடந்தது? வைஃபை அலை வானொலி அலையைப் போன்றது. சுவருக்குள் கட்டுப்பட்டு நிற்காது. அதனால் அலையில் போகும் செய்தியை மறையாக்கம் செய்து அனுப்புகிறார்கள். தொடக்க காலத்தில் இருந்த மறையாக்க முறையின் பெயர் டபிள்யூ.இ.பி. அதில் ஓட்டை இருக்கிறது என்று ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூன்று கணித வல்லுநர்கள் 2001ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு மாற்றாக டபிள்யூ.பி.ஏ. 2003இலும், அதைவிட உறுதியான டபிள்யூ.பி.ஏ.2 2004இலும் வந்தன. டி.ஜே.எக்ஸ். கடைகளில் பழைய முறையே ஓடிக்கொண்டிருந்தது. கனடாவின் தனியுரிமை ஆணையர் 2007 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. மாற்றும் வேலையை நிறுவனம் 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 2007 ஜனவரி நடுப்பகுதியில்தான் முடித்தது. பூட்டை மாற்ற ஆசாரியை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை பதினைந்து மாதம் கதவைச் சாத்தி மட்டும் வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். வேண்டாத விவரங்களை வேண்டாத காலம்வரை சேர்த்து வைத்திருந்ததையும் அந்த அறிக்கை கண்டித்தது. இல்லாததைத் திருட முடியாது அல்லவா?

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் அமர்ந்து அலையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவனை எந்தக் காவல் கருவியும் கண்டுபிடிக்காது. அவன் பேசுவதில்லை, கேட்கிறான். வானொலி கேட்பவர் யார் யார் என்று வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதைப் போலத்தான். அவன் வாய் திறந்து கட்டமைப்பில் சேர முயலும்போது மட்டுமே கருவிக்கு வேலை வருகிறது. ஆகவே முதலில் மறையாக்கம், பிறகுதான் காவல். இந்த வரிசையை மாற்றிப்போட்டுப் பணத்தை வீணாக்கிய நிறுவனங்கள் ஏராளம்.

இனி, காவல் கருவி என்பது என்ன என்று பார்ப்போம். கூரையில் வெள்ளைத் தட்டுப்போல ஒட்டியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டை எல்லாரும் பார்த்திருப்பார்கள். கம்பியில் வரும் இணையத்தை அலையாக மாற்றித் தரும் பெட்டி அது. "இங்கே இருக்கிறேன், என் பெயர் இது" என்று அது விநாடிக்குச் சுமார் 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். கம்பியில்லா உணர்கருவியும் தோற்றத்தில் அதே தட்டுதான். யாருக்கும் இணையம் தராமல் ஒட்டுக்கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். அக்கம்பக்கத்தில் எந்தப் பெட்டி எந்தப் பெயரில் அறிவிக்கிறது, யார் யாரோடு சேருகிறார்கள், வழக்கத்துக்கு மாறாக என்ன நடக்கிறது என்று குறித்து மையக் கணினிக்கு அனுப்புவது அதன் வேலை.

அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையை மட்டுமே அது கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 அலைவரிசை, 5 கிகாஹெர்ட்ஸில் இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் கால் விநாடி நின்று போனாலும் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 9 விநாடி ஆகும். அந்த 9 விநாடியில் வேறோர் அலைவரிசையில் நடந்து முடிந்தது அதற்குத் தெரியாது. செலவை மிச்சப்படுத்த, வாடிக்கையாளருக்கு இணையம் தரும் பெட்டியையே இடையிடையே காவல் பார்க்கவும் வைப்பார்கள். கல்லாவில் இருக்கும் ஊழியரை வாசலையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது போன்றது இது. கூட்டம் இல்லாத நேரத்தில் சரி, கூட்டம் வந்தால் வாசல் போய்விடும். புதிதாக 6 கிகாஹெர்ட்ஸ் அலையும் வைஃபைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில், அதைக் கேட்கும் காது இல்லாத பழைய உணர்கருவிக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. ஆனால் திரையில் "எல்லாம் நலம்" என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆபத்து அந்தப் பச்சை விளக்கில்தான்.

இன்னொரு வகை உணர்கருவியும் உண்டு. அது கம்பியில் உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் வழியாகப் போகும் செய்திகளின் நகலை வாங்கி, தெரிந்த தாக்குதல்களின் சாயல் இருக்கிறதா என்று ஒப்பிடும். 1998இல் மார்ட்டின் ரோஷ் எழுதிய ஸ்னோர்ட் என்ற மென்பொருள் இந்த வகையில் புகழ்பெற்றது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, விலையில்லாமலும் கிடைக்கிறது. கூரையில் இருக்கும் கருவிக்கு மறையாக்கம் செய்த செய்தியின் உள்ளே இருப்பது தெரியாது. கம்பியில் இருக்கும் கருவிக்கு, அலையில் யார் எந்தப் போலிப் பெயரில் நிற்கிறார்கள் என்பது தெரியாது. ஒன்றுக்குக் காது, மற்றதற்குக் கண் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் இருப்பதாக நினைப்பதுதான் பிழை. டி.ஜே.எக்ஸ். விவகாரத்தில் அட்டை விவரங்கள் பெருமளவில் வெளியே போய்க்கொண்டிருந்தன. கம்பியில் இருந்து பார்த்தால் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

இப்போது நிர்வாகத்துக்கு வருவோம். திருடர்களைப் பற்றிப் பேசினால் கேட்க ஆள் உண்டு, கணக்கேட்டைப் பற்றிப் பேசினால் கொட்டாவி வருகிறது. ஆனால் வேலையின் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் 40 ஆக்சஸ் பாயின்ட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உணர்கருவி சுற்றிலும் 200 பெட்டிகளைக் கேட்கிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இது சாதாரணம். மேல்மாடி நிறுவனம், கீழே காப்பிக்கடை, எதிர்ப் புளோக்கில் குடியிருப்பவர்கள், பேருந்தில் போகிறவரின் கைத்தொலைபேசி, எல்லாம் அதன் காதில் விழும். இந்த 200இல் 40 சொந்தம். எந்த 40? அதற்குப் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் வன்பொருள் முகவரி, எந்த மாடியில் எந்தக் கூரையில் இருக்கிறது, எந்த சுவிட்சின் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது, உள்ளே ஓடும் மென்பொருள் எந்தப் பதிப்பு, கடைசியாக யார் தொட்டார்கள் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த ஏடு இல்லாத இடத்தில் 200 பெட்டியும் கருவிக்குச் சந்தேக ஆசாமிகள்தான். நாள் முழுக்கக் கூவும். ஊர் நாய் ஓயாமல் குரைத்தால் திருடன் வரும் இரவில் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். ஒரு வாரம் எச்சரிக்கைகளைப் பார்த்துச் சலித்த ஊழியர், அடுத்த வாரம் அவற்றை மொத்தமாகத் தனி மின்னஞ்சல் பெட்டிக்குத் திருப்பிவிடுவார். அந்தப் பெட்டியைத் திறப்பவர் யாரும் இல்லை.

மீதி 160இல் அண்டைவீட்டாருடையது எது, கள்ளப் பெட்டி எது? இதைத் தீர்க்க ஒரே ஒரு கேள்வி போதும். அது நம் கம்பியில் தொங்குகிறதா? காப்பிக்கடைப் பெட்டி எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அது காப்பிக்கடையின் கம்பியில் இருக்கிறது, நமக்குக் கவலையில்லை. கூட்ட அறையில் அலை சரியாக வரவில்லை என்று சிம் லிம் ஸ்குவேரில் 50 வெள்ளிக்கு ஒரு சாதனம் வாங்கிவந்து, மேசைக்கடியில் உள்ள துளையில் செருகிவிட்ட நல்லெண்ண ஊழியர்தான் கவலைக்குரியவர். அவர் திருடர் அல்லர். ஆனால் பல்லாயிரம் வெள்ளி செலவிட்டுக் கட்டிய மதிலில் ஒரு பின்கதவைத் திறந்துவிட்டார். இந்த மாதிரிப் பெட்டியைக் கண்டுபிடிக்க, கூரைக் கருவி கேட்ட முகவரிகளையும் சுவிட்சில் பதிவான முகவரிகளையும் ஒப்பிட வேண்டும். பெட்டி தன் இரண்டு பக்கங்களுக்கும் சற்றே மாறுபட்ட முகவரிகளை வைத்திருக்கும் என்பதால் இது நூற்றுக்கு நூறு பலிக்காது. அதைவிட எளிய வழி, பயன்படாத துளைகளை எல்லாம் அடைத்து வைப்பதும், யார் எதைச் செருகினாலும் அடையாளம் காட்டிய பிறகே சுவிட்ச் வழிவிடும்படி அமைப்பதும். எந்த உணர்கருவியும் இல்லாமலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, இதில் அவர்களுக்குத் தரகு இல்லை!

முன்பெல்லாம் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. 40 பெட்டி என்றால் 40 தடவை உள்ளே நுழைந்து 40 மறைச்சொல் மாற்ற வேண்டும். யார் செய்வார்? தொழிற்சாலையில் வைத்த மறைச்சொல்லே கடைசிவரை இருக்கும். 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் கன்ட்ரோலர் என்ற மையக் கருவி பரவலாயிற்று. ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பெட்டியிலும் மாறும். இப்போது பல நிறுவனங்களில் அந்த மையம் இணையத்திலேயே எங்கோ இருக்கிறது. வசதிதான். ஆனால் சாவிக்கொத்து முழுவதும் ஒரே ஆணியில் தொங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கன்ட்ரோலருக்குள் நுழையும் வழி விருந்தினர் வைஃபையிலிருந்து தெரியும்படி இருந்தால், வரவேற்பறையில் காத்திருப்பவருக்கே அந்த ஆணி எட்டிவிடும். இன்னொரு சின்ன விஷயம், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். கூரைக் கருவி 3.10 என்கிறது, சுவிட்ச் 3.17 என்கிறது என்றால் நடந்ததைப் பின்னால் கோத்துப் பார்க்க முடியாமல் போகும்.

இனி, அதிகம் விவாதிக்க வேண்டிய ஒன்று. உணர்கருவிகள் சிலவற்றுக்குக் கேட்கும் காது மட்டுமின்றி அடிக்கும் கையும் உண்டு. கள்ளப் பெட்டி என்று தோன்றியதில் யாராவது சேர்ந்தால், அந்தப் பெட்டியின் பெயரிலேயே "தொடர்பைத் துண்டித்துக்கொள்" என்று பொய்ச் செய்தி அனுப்பி விரட்டும். வைஃபையின் பழைய விதிமுறையில் இந்த விலக்குச் செய்திக்குக் கையொப்பம் கிடையாது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அனுப்பலாம். திருடர்கள் செய்யும் அதே வித்தையைத்தான் காவல் கருவியும் செய்கிறது. அதைத் தானாக இயங்கும்படி விட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கேலார்ட் ஓப்ரிலேண்ட் என்ற பெரிய மாநாட்டு விடுதி உள்ளது. மேரியட் குழுமம் அதை நடத்துகிறது. மாநாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து சொந்த வைஃபை அமைத்துக்கொண்டால் அது அறுந்து அறுந்து போயிற்று. 2013 மார்ச்சில் ஒருவர் புகார் செய்தார். விசாரித்தால், விடுதியின் கண்காணிப்பு முறையே அந்த விலக்குச் செய்திகளை அனுப்பி விருந்தினர்களின் தொடர்பைத் துண்டித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதே விடுதி, கண்காட்சியாளர்களுக்குத் தன் இணையத்தை ஒரு சாதனத்துக்கு 250 முதல் 1,000 டாலர் வரை விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது! பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று விடுதி சொன்னது. அமெரிக்கத் தொடர்பு ஆணையம் ஏற்கவில்லை. 2014 அக்டோபரில் 6 லட்சம் டாலர் அபராதம். மறு ஆண்டு ஜனவரியில், பிறருடைய வைஃபையைத் தடுப்பது சட்டவிரோதம் என்று ஆணையம் எல்லாருக்கும் பொதுவாக எச்சரிக்கை விடுத்தது. 2015 ஆகஸ்டில் ஸ்மார்ட் சிட்டி என்ற மற்றொரு நிறுவனத்துக்கும் ஏழரை லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

அந்தக் கருவியில் இருந்த பொத்தான் கெட்டதல்ல. தன் கம்பியில் தொங்கும் கள்ளப் பெட்டியை அடக்கவே அது படைக்கப்பட்டது. எதைக் கள்ளம் என்று அழைப்பது என்ற முடிவை மனிதர்கள் தவறாக எடுத்தார்கள். கடைத்தொகுதியில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம் இந்தப் பொத்தானைத் தானியங்கியில் விட்டால், பக்கத்துப் பல் மருத்துவரின் கணினி இணையத்தை இழக்கும். அதனால் எச்சரிக்கை தானாக வரட்டும், அடி மட்டும் மனிதர் கையில் இருக்கட்டும். விலக்குச் செய்திக்கும் கையொப்பம் கேட்கும் விதிமுறை 2009இல் வந்தது. 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 அதைக் கட்டாயமாக்கியது. திருடர்கள் கையிலிருந்த அந்த ஆயுதம் மழுங்குகிறது. காவல் கருவியின் கையும் அதோடு கட்டப்படுகிறது என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது சுவிட்சின் துளையை அடைப்பதுதான் மிஞ்சும் வழி.

இதெல்லாம் பெரிய நாடுகளின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அண்டைவீட்டாரின் வைஃபையை அனுமதியின்றிப் பயன்படுத்திய 17 வயது இளையர் ஒருவர்மீது 2006இல் சிங்கப்பூரில் வழக்குப் பதிவானது. 2007 ஜனவரியில் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. பூட்டாத வீட்டில் நுழைந்தாலும் நுழைந்தது நுழைந்ததுதான் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் பின்னால் வருவது. அலை முன்னால் போய்விடும்.

சட்டத்துக்கு அஞ்சாதவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஹேக் நகரில் ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் தலைமையகம் உள்ளது. 2018 ஏப்ரலில் அதற்கு அடுத்திருந்த விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் ரஷ்ய ராணுவ உளவுத் துறையைச் சேர்ந்த நால்வர் பிடிபட்டனர். வாடகைக் காரின் பின்புறத்தில் வைஃபையை ஊடுருவும் கருவிகள், அலைவாங்கியின் மேல் ஒரு கோட்டு. நால்வரும் அன்றே நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். அவர்களைக் கண்காணித்துப் பிடித்தவர்கள் டச்சு ராணுவ உளவுத் துறையினர்.

மாறாக, கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2020 செப்டம்பரில் வெளியான ஓர் அறிக்கை உண்டு. அமெரிக்க உள்துறை என்பது அந்நாட்டின் பொது நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் பார்த்துக்கொள்ளும் துறை. அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தன் துறையையே சோதித்தது. 200 டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு கருவியைச் செய்து, முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியால் இயக்கியபடி, பொதுமக்கள் போகக்கூடிய இடங்களில் நின்று துறையின் வைஃபைக்குள் நுழைந்தார்கள். வாசலில் நின்ற காவலர்களும் கவனிக்கவில்லை, உள்ளே இருந்த கணினிப் பாதுகாப்புப் பிரிவும் கவனிக்கவில்லை.

கடன்பற்று அட்டை வாங்கும் கடைகளுக்கு உலக அளவில் உள்ள பாதுகாப்பு விதிகள், 3 மாதத்துக்கு ஒரு முறையாவது கள்ள ஆக்சஸ் பாயின்ட் இருக்கிறதா என்று தேடச் சொல்கின்றன. பல இடங்களில் அது ஒரு படிவத்தில் விழும் கையெழுத்தாக முடிந்துவிடுகிறது. அந்த நாளையே உண்மையான ஒத்திகையாக்கலாம். மேலாளர் ஒருவருக்கு மட்டும் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, கணினிப் பிரிவுக்கோ காவலருக்கோ சொல்லாமல், மறைச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு சாதாரண வைஃபை பெட்டியைக் கூட்ட அறையின் துளையில் செருக வேண்டும். செருகிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உணர்கருவி எத்தனை நிமிடத்தில் எச்சரித்தது, அந்த எச்சரிக்கையை யார் திறந்து பார்த்தார், அவர் யாரை அழைத்தார், அழைக்கப்பட்டவர் எந்த மாடிக்கு எந்த அறைக்கு வந்தார் என்று எழுத வேண்டும். அடுத்த முறை அதையே சனிக்கிழமை இரவு 11 மணிக்குச் செய்து பார்க்கட்டும்.